ஜூன் மாதக் கணக்கு: குமரி மாவட்டத்தில் வருமானமும் பள்ளிக்கூடமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும் வீட்டில் காசு வற்றும் மாதமும் ஒன்றுதான். ஜூன் பிறந்ததும் தென்மேற்குப் பருவமழை ரப்பர் விளைகளில் (தோட்டங்களில்) மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் பால்வெட்டைத் தடுத்துவிடும். அதே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சின்னமுட்டத்தில் கட்டிக் கிடக்கும் படகுகளுக்கு ஏப்ரல் 15-இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரைத் தடை ஜூன் 14 வரை நீளும். கொத்தவேலைக்கும் மரவேலைக்கும் கேரளத்துக்குப் போகிறவர்கள், விடாமழையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தாலே போதும் என்றிருப்பார்கள். கட்டணத்தின் முதல் தவணை, நோட்டு, சீருடை, வேன் முன்பணம் எல்லாம் இந்த நேரத்தில்தான் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டில் முதலிடம். இதைக் குமரிக்காரர்களின் படிப்பு ஆர்வம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆர்வம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில், எந்தப் பயிற்றுமொழியில், எந்த வகுப்பு வரை படிக்கிறது என்பதை ஆர்வம் தீர்மானிப்பதில்லை. வீட்டுக்கு எவ்வளவு பணம் வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது, கட்டணம் எந்த மாதத்தில் கேட்கிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. வருமானத்தின் அளவைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அது வரும் மாதத்தைப் பற்றிப் பேசியது குறைவு.

நிலம் போதாத ஊர்

சுமார் 1,680 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2011-இலேயே 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். அந்தப் பரப்பிலும் கணிசமான பங்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு. மிச்சமிருப்பதைப் பாகம் பிரித்துப் பிரித்து, விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் பத்து சென்ட், இருபது சென்ட் என்று ஆகிவிட்ட விளைகளே அதிகம். பெரிய ஆலைகள் கிடையாது. நிலமும் இல்லை, ஆலையும் இல்லை என்றால் பிள்ளைக்குக் கொடுக்க மிஞ்சுவது சான்றிதழ் ஒன்றுதான்.

இது நேற்று தொடங்கியதல்ல. பனையேற்றம் குடும்பத் தொழிலாக இருந்த காலத்தில் அப்பா மரத்தில் ஏறுவார், பிள்ளைகள் பதனீர் சுமப்பார்கள், விறகு பொறுக்குவார்கள், அம்மா அடுப்படியில் கருப்பட்டி காய்ச்சுவார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அடுப்புக்கு ஒரு கை குறையும். ஆகவே அந்தக் காலத்தில் கட்டணம் இல்லாத பள்ளிக்கும் ஒரு விலை இருந்தது. 1817-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆனால் சாதிக் கட்டுப்பாடுகளும் கூலியில்லாக் கட்டாய ஊழிய வேலையும் இருந்த நாட்டில் அந்த ஆணை எல்லார் வீட்டு வாசலுக்கும் வரவில்லை. மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் லண்டன் மிஷன் தொடங்கிய பள்ளிகள்தான் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு முதலில் கதவைத் திறந்தன. 1809-இல் மயிலாடியில் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்ததுதான் 1893-இல் கல்லூரியான ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி.

அந்தப் பள்ளிகளும் பணத்தால்தான் நடந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார். பின்னிய லேஸை விற்ற வருவாய் பள்ளிச் செலவுக்கு உதவியது. பெண் பிள்ளையை வீட்டில் வைத்தால் கிடைக்கும் உழைப்பைவிட, பள்ளிக்கு அனுப்பினால் அவள் கைக்குக் கிடைக்கும் தொழில் அதிக மதிப்புடையது என்று பெற்றோர் கண்ணாரக் கண்டது அங்கேதான். இந்த மாவட்டத்துப் பெண்கல்வியின் வேரில் ஒரு கைத்தொழில் இருக்கிறது என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

ரப்பர் விலையும் ஆங்கிலப் பள்ளியும்

குலசேகரம், திருவட்டார், அருமனை, பேச்சிப்பாறை வட்டாரங்களில் ரப்பர் விலை ஏறும்போது மெட்ரிக் பள்ளி வேன்களும் கூடும். விலை இறங்கினால் வேன்கள் உடனே குறைவதில்லை. கடன் கூடும். அது ஏன் என்று ஒரு ஏக்கர் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரு ஏக்கரில் வெட்டக்கூடிய மரங்கள் 180 என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்குச் சுமார் 600 கிலோ உலர் ரப்பர் கிடைக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. மழைநாளும், பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிரும் நாளும் போக ஆண்டுக்கு 140 வெட்டு. மரத்துக்கு 2 ரூபாய் வெட்டுக்கூலி என்று கொண்டால் கூலி மட்டும் 50,400 ரூபாய். கிலோ 240 ரூபாய் விற்றால் வரவு 1,44,000. கூலி போக 93,600. கிலோ 100 ரூபாய் என்றால் வரவு 60,000. கூலி போக 9,600. விலை இறங்கியது 58 விழுக்காடு. கையில் நிற்பது குறைந்ததோ 90 விழுக்காடு. உரம், பால் பிடிக்கும் சிரட்டை, கம்பி, ஆசிட் செலவை இதில் சேர்க்கவே இல்லை. 240-உம் 100-உம் கற்பனை விலைகளல்ல. 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ரப்பர், 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே விழுந்தது.

இதில் இன்னொரு சிக்கல் மரத்தின் வயது. தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தால்தான் வெட்டத் தொடங்கலாம். அதற்கு ஏழு ஆண்டு பிடிக்கும். முதல் மூன்றாண்டு இடையில் வாழையோ மரச்சீனியோ (மரவள்ளி) அன்னாசியோ போடலாம். நிழல் மூடிய பிறகு அதுவும் இல்லை. 2011-இல் விலையைப் பார்த்துப் பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்தவருக்கு 2018-இல்தான் பால் வந்தது. அப்போது விலை ஏறக்குறைய பாதி. அதே 2011 ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்த பிள்ளை 2018-இல் ஆறாம் வகுப்பு. மரமும் பிள்ளையும் ஒரே விலையை நம்பி ஒன்றாக வளர்ந்தவர்கள். மரத்தைப் பால்வெட்டாமல் அப்படியே விட்டுவிடலாம். பிள்ளையின் கட்டணத்தை அப்படி விட முடியாது.

ரப்பர்ப் பணம் அதிகமாக வருவது அக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜூனில் கேட்கும் கட்டணத்துக்கு அந்தப் பணத்தை எப்படி நிறுத்தி வைப்பது? இதற்கு மலையோர வீடுகள் கண்டுபிடித்த வழி ஷீட். பாலை அன்றன்றே வியாபாரியிடம் ஊற்றிவிட்டால் காசு அன்றைக்கே கரையும். ஷீட்டாக அடித்துத் தொங்கவிட்டால் அது சேமிப்பு. விடியுமுன் வெட்டி, பத்து மணிக்குள் பாலெடுத்து, அரித்து, தண்ணீர் கலந்து, தட்டுக்கு 4 லிட்டர் ஊற்றிப் பார்மிக் ஆசிட் விட்டு உறைய வைப்பார்கள். மறுநாள் உருளையில் கொடுத்தால் அரைக் கிலோ ஷீட் ஒன்று. நீர் வடிந்ததும் புகைப்புரையில் நான்கைந்து நாள்.

பிசகுவது இரண்டு இடத்தில். ஆசிட் கூடினால் ஷீட் விறைத்து நிறம் மாறும். பாதி காய்ந்ததை அடுக்கி வைத்தால் மே மாதக் கோடைமழை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த ஷீட்டை, புகையூட்டிய ஷீட்டின் சந்தைத் தரமான ஆர்.எஸ்.எஸ். 4 விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். ஈரத்துணியால் துடைத்து மறுபடி புகை காட்டினால் ஓரளவு தேறும். பள்ளிக் கட்டணத்துக்காகத் தொங்கவிட்ட ஷீட்டில் பெரும்பகுதி தரம் இறங்கினால், ஜூனில் ஒரு நகை அடகுக்கடைக்குப் போகிறது என்று பொருள். மழைக்காலத்திலும் வெட்ட வேண்டுமானால் வெட்டுப்பட்டைக்கு மேலே ரெயின் கார்டு எனும் பிளாஸ்டிக் பாவாடையை மே மாதத்துக்குள் ஒட்டியிருக்க வேண்டும். பட்டை காய்ந்திருக்கும்போது ஒட்டினால்தான் பசை பிடிக்கும். முதல் மழை பெய்த பிறகு ஒட்டினால் தண்ணீர் உள்ளே வழிந்து சிரட்டையில் பால் கெடும்.

சொந்த விளை இல்லாத பால்வெட்டுத் தொழிலாளிக்கு இந்தச் சேமிப்பும் கிடையாது. வெட்டிய நாளுக்குக் கூலி, மழைநாளுக்கு ஒன்றுமில்லை. 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வேலையும் குடியிருப்பும் இருக்கும் அந்தக் குடும்பங்களுக்கும், தனியார் விளையில் நாள்கூலிக்கு வெட்டும் குடும்பத்துக்கும் கல்வியில் வரும் வேறுபாடு, மாதச் சம்பளம் என்ற ஒன்றில்தான் தொடங்குகிறது. தொகை சிறியதானாலும் தேதி தெரிந்த பணம் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைக்கிறது.

கடலோரம்

கடற்கரையில் கணக்கு வேறு மாதிரி. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று வரிசையாகக் கிடக்கும் ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதத்துக்கும் மேல் திரும்ப மாட்டார்கள். மீனை விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, படகுக்கும் ஆளுக்கும் பங்கு பிரிப்பார்கள். நல்ல தங்கலில், அதாவது கடலில் தங்கிப் பிடித்து வரும் ஒரு பயணத்தில், கைநிறைய வரும். மோசமான தங்கலில் செலவே தேறாது, முன்பணக் கடன் ஏறும். ஆகவே மீனவர் வீட்டில் பள்ளிக் கட்டணத்தை ஒரே தவணையில் முழுக்கக் கட்டும் ஆண்டும் உண்டு, மூன்று மாதம் பாக்கி நிற்கும் ஆண்டும் உண்டு. பாக்கி நிற்பதை வைத்து அந்தக் குடும்பத்தைப் பொறுப்பில்லாதது என்று பள்ளிகள் எடைபோடுவது பெரிய தவறு.

தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாகியிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அறுபது நாளுக்கு எட்டாயிரம் என்றால் அரிசிக்கும் மளிகைக்கும் சரியாகிவிடும், பள்ளிக்கு ஒன்றும் மிஞ்சாது. தடை நீங்கி ஆகஸ்டில் படகு இறங்கிக் குளச்சலில் கணவாயும் கிளாத்தியும் குவியும்போதுதான் கையில் காசு புரளும். கடலோரப் பள்ளி ஒன்று முதல் தவணையை ஜூனிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளினால் அதற்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. பாக்கி வசூலிக்க அலையும் வேலை மிச்சம்.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் இந்த ஊர்களில் சம்பாதிக்கும் ஆண்களைக் கூட்டமாகக் கொண்டுபோனது. அதன் பிறகு ஒரு மாற்றம் கண்கூடு: மகனைக் கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்று தாய்மார்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அந்த உறுதிக்கு விலை உண்டு. கடலுக்குப் போனால் பதினெட்டு வயதில் பங்கு கிடைக்கும். படிக்க வைத்தால் இருபத்திரண்டு வரை செலவு.

அண்டி ஆபீஸ்

முந்திரி ஆலையை இங்கே யாரும் முந்திரி ஆலை என்பதில்லை, அண்டி ஆபீஸ்தான். கேரளத்தில் கூலி உயர்ந்தபோது கொல்லத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவை பல. உள்ளூர்த் தோட்டண்டி (ஓட்டோடு உள்ள முந்திரிக்கொட்டை) போதாது, ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாகிறது. வறுத்தோ அவித்தோ எடுத்த அண்டியை உடைப்பது ஒரு பிரிவு, போர்மா எனும் சூட்டறையில் காயவைத்த பருப்பின் தொலி உரிப்பது இன்னொரு பிரிவு, தரம் பிரிப்பது மூன்றாவது. உடைப்பவர் கையில் ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் கருகும். எடைக்குக் கூலி என்பதால் பருப்பு முழுசாக வர வேண்டும், நொறுங்கினால் மதிப்பு குறையும்.

வேலை செய்வது ஏறக்குறைய முழுக்கப் பெண்கள். கூலி குறைவு. ஆனால் மழைக்காலத்திலும் கூரைக்கடியில் நடக்கும் வேலை, வாரச் சம்பளம். கணவரின் வருமானம் ஜூனில் நிற்கும்போது டியூஷன் காசும் வேன் காசும் இந்தச் சம்பளத்திலிருந்துதான் போகிறது. விளவங்கோடு பக்கத்து நர்ஸ்களிலும் ஆசிரியைகளிலும் பலர் அண்டி ஆபீஸ் அம்மாக்களின் பிள்ளைகள். கப்பல் தாமதித்தாலோ, தோட்டண்டி விலை ஏறினாலோ ஆலை சில வாரம் மூடும். அப்போது முதலில் நிற்பது டியூஷன்.

பள்ளிக்கூடத்தின் சொந்தக் கணக்கு

இதுவரை சொன்னது வீட்டுக் கணக்கு. பள்ளிக்கும் ஒரு கணக்கு உண்டு, அதைப் பெற்றோர் பெரும்பாலும் அறிவதில்லை.

குமரியில் அரசு உதவிபெறும் பள்ளிகள் மிகுதி. நிர்வாகம் திருச்சபையோ, சங்கமோ, தனியார் அறக்கட்டளையோ. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. எத்தனை ஆசிரியர் என்பது ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. 61 பேர் இருந்த பள்ளியில் ஒரு குடும்பம் ஜூலையில் வீடு மாறிப் போனால் மூன்றாவது இடம் உபரியாகிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்து நடத்துவார். மற்றவர் தலைமையாசிரியர், நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொண்டு, சத்துணவுக் கணக்கு, கைப்பேசியில் பதிவேற்றம், வட்டாரக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். அடுத்த ஆண்டு இதைப் பார்க்கும் பெற்றோர், ‘அங்க சார் இல்ல’ என்று பிள்ளையை வேனில் ஏற்றுவார்கள். எண்ணிக்கை 52 ஆகும், பிறகு 40, பிறகு 18. ஒரு பள்ளி மெலிவது இப்படித்தான். ஜூலை மாதத்தில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்பது இந்த 61-க்காகவே.

இதற்கு அடியில் இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு: பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். படித்த பெண்கள், தாமதமான திருமணம், ஒன்றோ இரண்டோ குழந்தை என்று தமிழகத்துக்கு முன்னால் போன மாவட்டம் இது. நூறாண்டுக்கு முன் பிள்ளைகள் திரண்டு வந்த ஊரில் கட்டிய பள்ளிகள், இன்று ஒரே தெருவில் மூன்றாக நின்று அதே இருபது பிள்ளைகளுக்காகப் போட்டியிடுகின்றன. பள்ளிக்கூடம் பரப்பிய கல்வியே பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகளைக் குறைத்தது என்றால் அது மிகையில்லை.

தாக்குப்பிடிக்க நிர்வாகங்கள் கண்ட வழி, உதவிபெறும் பள்ளிக்குள்ளேயே சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு. கட்டணம் வாங்கி, அந்தக் கட்டணத்திலிருந்து ஆசிரியருக்குச் சம்பளம். ஒரே வளாகத்தில் ஒரே பாடம் நடத்தும் இருவரில் ஒருவருக்கு அரசுச் சம்பளம், மற்றவருக்கு அதில் சிறு பகுதி. பி.எட். முடித்த ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குக் காத்திருக்கும் மாவட்டத்தில் அந்தக் குறைந்த சம்பளத்துக்கும் ஆள் வரிசையில் நிற்கிறது. கட்டணம் குறைவான ஆங்கிலவழிக் கல்வி குமரியில் சாத்தியமாவது, படித்த பெண்களின் மலிவான உழைப்பால்தான். இதைச் சொல்லாமல் தனியார் பள்ளிகளின் தரத்தை மட்டும் புகழ்வது நியாயமில்லை.

தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்குக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 விழுக்காடு இடங்கள் இங்கே ஏன் குறைவாகப் பயன்படுகின்றன என்று கேட்பவர்கள் உண்டு. 2014-இல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மை நிர்வாகங்கள் இவ்வளவு அதிகமாக உள்ள மாவட்டத்தில் அந்த வழி இயல்பாகவே குறுகியது. நலிந்த பிரிவில் விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு

பெற்றோர் அதிகம் தவறவிடும் இடம் இது. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு. உதவிபெறும் பள்ளி அதில் சேராது. ஊரில் அரசுப் பள்ளி எது, உதவிபெறும் பள்ளி எது என்ற வேறுபாட்டையே பெரிதாக எண்ணாத மாவட்டம் இது. இரண்டிலும் ஒரே புத்தகம், ஒரே தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் படும் வேதனை கொஞ்சமல்ல. ஐந்தாம் வகுப்பு முடியும் ஏப்ரலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியரோடு தொடங்கியது. 2024 முதல் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அப்படியே. ஆகவே உதவிபெறும் பள்ளியின் சுயநிதி ஆங்கிலப் பிரிவில் சேர்க்கும்போது பெற்றோர் கொடுப்பது கட்டணம் மட்டுமல்ல. கல்லூரியில் மூன்றாண்டுக்கு 36,000 ரூபாயையும் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கிறார்கள். ஆங்கிலவழி வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை தெரிந்து வாங்க வேண்டும்.

காலை உணவுத் திட்டமும் பள்ளித் தேர்வை நகர்த்தியது. 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் வந்தது, 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. ஆனால் குமரியில் கிராமம்போல் இருக்கும் ஊர்களில் பல பேரூராட்சிகள். ஊரகம் என்ற வரையறைக்கு வெளியே நின்ற அந்த உதவிபெறும் பள்ளிகள் 2025 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடியுமுன் பால்வெட்டுக்குப் போகும் அம்மாவுக்கு, எட்டு மணிக்குப் பிள்ளைக்குச் சூடாகப் பொங்கலோ உப்புமாவோ கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி: கடன் வளரும் விதம்

1990களின் இறுதியிலிருந்து நாகர்கோவிலைச் சுற்றியும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கமும் பொறியியல் கல்லூரிகள் அடுக்கடுக்காக எழுந்தன. பெங்களூரு, சென்னையின் மென்பொருள் வேலையும் வளைகுடா வேலையும்தான் அவற்றின் அடித்தளம். அங்கே ஆள் எடுப்பது தளர்ந்த ஆண்டுகளில் இங்கே வகுப்பறை காலியானது. அதே காலத்தில் நர்சிங் கல்லூரிகள் கூடின. வெளிநாட்டு மருத்துவமனைகள் என்ன கேட்கின்றனவோ அதைக் குமரிக் கல்லூரிகள் கற்பிக்கின்றன.

கல்விக் கடனைப் பலர் கட்டணத் தொகையாக மட்டும் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்காண்டுக்கு 4 லட்சம், வட்டி 11 விழுக்காடு என்று வைப்போம். படிப்புக்காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை, ஆனால் தனிவட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு, இரண்டாவதற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. மொத்தம் 1,54,000 ரூபாய் வட்டி. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,54,000. பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,630 ரூபாய். உள்ளூரில் 15,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்த பொறியாளருக்கு அது பாதிச் சம்பளம். வெளியூர் போ, வெளிநாடு போ என்று துரத்துவது இந்த 7,630 ரூபாய்தான். குமரி இளைஞர்களின் இடப்பெயர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தவணைக்கு முந்தைய காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியம் உண்டு. அப்போது தவணை 5,510 ரூபாய் அளவுக்கு இறங்கும். இது கைநழுவுவதற்குக் காரணங்கள் சில்லறையானவை: கல்லூரிக்கோ படிப்புக்கோ நாக் அல்லது என்.பி.ஏ. தரச்சான்று இல்லாதது, வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போது கொடுக்காமல் விட்டது. முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான். கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போயிற்று. வீட்டில் முன்பே பட்டதாரி இருந்தாலும் இல்லை. சான்றிதழ்களை மார்ச், ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைப்பது நல்லது. ஜூனில் கூட்டம் நெரியும்.

நர்சிங் சேர்க்கையில் இன்னொரு எச்சரிக்கை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, இடையில் நின்றால் முழுக் கட்டணம் கேட்கும் வழக்கம் உண்டு. உயர்கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சரிபார்த்ததும் கையோடு திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

போனவர்கள் அனுப்பும் பணம் ஊரின் உருவத்தை மாற்றியிருக்கிறது. நெல் விளைந்த ஏலாக்கள் (வயல்வெளிகள்) தென்னையாகி, பின் மனையாகின. பெரிய வீடுகளில் வயதான இருவர் மட்டும். வீடு கட்ட ஆள் வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாம் பட்டதாரிகள். அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் சேர வரும்போது மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்று திருப்பி அனுப்ப எந்தப் பள்ளிக்கும் சட்டம் இடம் தரவில்லை. ஐம்பத்தொன்பதாக இறங்கிவிட்ட ஒரு பள்ளிக்கு அந்த இரண்டு பிள்ளைகள் 61 ஆவார்கள்.

வட்டிக்குப் போகும் கட்டணம்

ஜூனில் 40,000 ரூபாய் தேவைப்படும் வீட்டுக்கு மூன்று வழி. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கி ஆறு மாதத்தில் அடைத்தால் வட்டி 7,200. நகையை ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் அடகு வைத்தால் 2,400. அக்டோபர் முதல் மே வரை எட்டு மாதம் 5,000 வீதம் தபால் நிலையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கட்டினால் வட்டியே இல்லை. மூன்றாவது வழி எல்லாருக்கும் தெரியும்; அக்டோபரில் கையில் 5,000 மிஞ்ச வேண்டும் என்பதுதான் தடை. கடலோரத்துக்கு ஆகஸ்ட் முதலே தொடங்கிச் சிறு தொகையாகப் போடுவது பொருந்தும். மலையோரத்துக்கு நவம்பரில் தொடங்கி ஜனவரிக்குள் பெருந்தொகையைப் போட்டுவிடுவது பொருந்தும். வாரச் சம்பளக்காரருக்கு வாரச் சீட்டு.

பள்ளிகள் செய்யக்கூடியது இன்னும் எளிது. 2009 சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு உச்சவரம்பைத்தான் நிர்ணயிக்கிறது. அதற்குள் எந்த மாதத்தில் எவ்வளவு வாங்குவது என்பது நிர்வாகத்தின் கையில். ஆண்டுக் கட்டணம் 24,000 என்றால் ஜூனில் 3,000, செப்டம்பரில் 7,000, டிசம்பரில் 8,000, பிப்ரவரியில் 6,000 என்று பிரிக்கலாம். ஆசிரியர் சம்பளத்துக்கு ஜூன், ஜூலையில் பணம் வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு முந்தைய பிப்ரவரித் தவணையிலிருந்து இரண்டு மாதச் சம்பளத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். முதல் ஆண்டு சிரமமாக இருக்கும், இரண்டாம் ஆண்டிலிருந்து சுழற்சி நிலைபெற்றுவிடும். பிள்ளைகளைச் சேர்க்க விளம்பரப் பலகைக்கும் வேனுக்கும் செலவழிக்கும் பள்ளிகள், தவணை அட்டவணையை மீன்பிடித் தடைக் காலண்டரோடும் பால்வெட்டு மாதங்களோடும் வைத்து ஒருமுறை ஒத்துப் பார்த்தால், ஜூலையில் பெயர் வெட்டி வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆகஸ்ட் 1 பதிவேட்டில் நிற்பார்கள் என்பது அந்த ஆண்டிலேயே தெரிந்துவிடும்.